பூட்டிய ஃபங்ஷனுக்குள் புகுந்த படம்

செத்தவரே ஃபோன் செய்து திட்டினால், கேஸை எடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"யோவ், துப்பறியிற ஆளு நீதானா? இன்னிக்குக் காலையில செத்துப்போனவன் பேசறேன்யா. என்னைச் சாகடிச்சது யாருன்னு மத்தியானத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். என் மருமகனோட 'நல்லது கெட்டது' ஆபீசுக்குப் போ. நானும் வரேன்."

பட்டென்று வைத்துவிட்டார். குரலில் சாவின் அறிகுறி துளியும் இல்லை. என் இடது காதுதான் கொஞ்ச நேரம் உயிரில்லாமல் கிடந்தது.

"யாரு மாப்ளே?" என்றார் மச்சான், ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடி.

"பொணம், மச்சான். நல்ல கோவத்துல இருக்கு."

மச்சான் என் மனைவியின் அண்ணன். துப்பறிவது அவர் தொழில். அவருக்கு உதவி செய்வதாக ஊரில் சொல்லிக்கொண்டு திரிவது என் தொழில். இந்த வேலைக்கு வருமுன் அவர் பல வருடம் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர். மெஷின் பொய் சொல்லாது, அதனால் போரடிக்கிறது என்று எழுந்து வந்துவிட்டார். எனக்கும் கம்ப்யூட்டர் தெரியும். சீட்டாடுவேன். அதிலும் தோற்பேன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். 'நல்லது கெட்டது' என்பது அவர்கள் நடத்தும் வெப்சைட்டின் பெயர். வீட்டில் குழந்தை பிறந்தால், கல்யாணம் நடந்தால், யாராவது போய்ச் சேர்ந்தால், படத்தோடு ஒரு பக்கம் போட்டுத் தருவார்கள். சொந்தபந்தங்கள் அதன் கீழே வாழ்த்தோ ஆறுதலோ எழுதலாம். ஆரம்பித்தவர் மாமனார், நடத்துபவர் மருமகன்.

அந்த மருமகனாகிய முதலாளி எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார். ஏசி காற்றிலும் சட்டை நனைந்திருந்தது. அவர் மேசை ஓரத்தில் ஒரு கேக் பெட்டி இருந்தது. ரிப்பன்கூட அவிழ்க்காமல் அப்படியே கிடந்தது.

"நீங்களே பாருங்க சார்" என்று திரையைத் திருப்பினார்.

அஞ்சலிப் பக்கம். பெயர் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரருடையது. வயது அவருடையது. அவரைப் பற்றி மகள் எழுதிய நாலு வரியும் அவரைப் பற்றியதுதான். ஆனால் கறுப்பு ஃப்ரேமுக்குள்ளே முறைத்துக்கொண்டிருந்தது வேறொரு முகம். அதில் மீசை பாதி, முகம் பாதி.

"இதான் எங்க மாமா. தினமும் எழுந்ததும் இந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார். தன் வயசுக்காரங்கள்ல யாரு முந்திக்கிட்டாங்கன்னு பார்க்கறது அவருக்கு ஒரு பழக்கம். இன்னிக்குத் தன்னையே பார்த்துட்டார். அந்தத் தபால்காரர் வீட்டுலேருந்தும் ஃபோன். 'எங்கப்பாவுக்கு மீசையே கிடையாது'ன்னு அழறாங்க."

"பக்கத்து உச்சியில சின்னதா இன்னொரு தடவை அதே முகம் இருக்கே?" என்றார் மச்சான்.

"அது நிறுவனர் படம் சார், மரியாதைக்கு. அது இருக்கட்டும். கீழ இருக்கறதைப் பாருங்க. செஞ்சது யாருன்னு எனக்கே தெரியும், ஆதாரம்தான் வேணும்." குரலைத் தாழ்த்தாமல் மூலை மேசையைக் காட்டினார். "அதோ, எங்க டிசைனர்."

மூலையில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் உடையவில்லை.

"போன வாரம் பெரியவர் வந்து என் அஞ்சலிப் பக்கத்தைப் பார்த்தாரு சார். 'இந்த ஃப்ரேமுக்குள்ள வெச்சா செத்தவன் இன்னொரு தடவை சாவான்'னாரு. எனக்கு வாய் சும்மா இருக்கல. 'உங்களுக்குப் போடும்போது நல்லாப் போடறேன் சார்'னு சொல்லிட்டேன்."

நான் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டேன். கொலை வழக்கில் இதைவிடப் பொருத்தமாக ஒரு வாக்குமூலம் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

"சொன்னதுக்கு வேணா திட்டுங்க, செய்யலை" என்றாள். "வேலை போனா வேற தேடிக்கலாம். ஆனா இந்த லைன்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். முதலாளியோட மாமனாரையே சாகடிச்சவள்னு பேர் வந்தா, அப்புறம் யாரு சார் என்னைக் கூப்பிடுவா? எங்க வீட்ல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான்."

"மாமா வந்ததும் அவர் முன்னாடியே இவளை வெளிய அனுப்பப்போறேன்" என்றார் முதலாளி.

"கம்ப்யூட்டர்ல யாரு என்ன மாத்தினாங்கன்னு பதிவு இருக்குமே?" என்று நான் கேட்டேன். துப்பறியும் உதவியாளன் அப்படி ஏதாவது கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பதில் சுவரில் இருந்தது. ஆபீஸ் முழுக்க ஒரே பாஸ்வேர்டு. அதைப் பெரிய எழுத்தில் அடித்து, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். வெளங்கிடும்!

மச்சான் நேராகப் போய் நின்றது, தாடி என்று எல்லோரும் அழைக்கும் சீனியர் புரோகிராமரின் பின்னால்.

"என் ஃபங்ஷன் சுத்தம் சார்" என்றார் தாடி, திரும்பாமலே.

"ஃபங்ஷனா? சாப்பாடு உண்டா?" என்றேன்.

தாடி சிரிக்கவில்லை. அந்தத் தாடிக்குள்ளே சிரித்திருந்தாலும் வெளியே தெரியாது.

"மாப்ளே, வா. உனக்குச் செஞ்சு காட்டினாத்தான் புரியும்" என்று மச்சான் என்னை ஆபீஸ் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே டீ போடும் சின்ன அறை இருந்தது. ஒரு கதவு. சுவரில் தட்டு நீட்ட ஒரு குட்டி ஜன்னல்.

"உள்ள போய் உக்காரு. இந்த ரூம்தான் ஃபங்ஷன். நீதான் டெம்ப்ளேட்."

"டெம்ப்ளேட்டுக்குச் சம்பளம் உண்டா?"

"இந்தப் பொண்ணு 'இங்க பெயர், இங்க வயசு, இங்க படம்'னு காலி இடம் விட்டு அழகா வரைஞ்சு வெச்ச வெறும் தாள் நீ. உனக்கா ஒண்ணும் தெரியாது."

"பொருத்தமான ஆளு" என்றார் தாடி. முதல் தடவையாகப் பல் தெரிந்தது.

கதவைச் சாத்தினார்கள். ஜன்னல் வழியாக ஒரு தட்டு வந்தது. மூன்று கப், மூன்றிலும் ஸ்டிக்கர்: பெயர், வயசு, படம். முதல் இரண்டில் தண்ணீர். 'படம்' கப்பில் ஆவி பறக்க டீ. ஜன்னலையும் சாத்திவிட்டு மச்சான் வெளியே நின்று ஏதோ பேசினார். ஒரு எழுத்துகூட என் காதில் விழவில்லை. பிறகு கதவைத் திறந்தார்.

"நான் என்ன சொன்னேன்?"

"தெரியலையே."

"என் தங்கச்சி அம்மா வீட்டுக்கு வரா, ஒரு வாரம் நீ தனிக்காட்டு ராஜான்னு சொன்னேன்."

"அய்யய்யோ! அதைப் போய் ஏன் மச்சான் வெளியில நின்னு சொன்னீங்க?"

"அதான் ஃபங்ஷன். வெளியில எத்தனை வேரியபிள், அதாவது பேர் ஒட்டின கப், இருந்தாலும் உள்ள இருக்கறவனுக்குத் தெரியாது. தட்டுல வெச்சு நீட்டினது மட்டும்தான் மேசைக்கு வரும். டெம்ப்ளேட் அந்த மேசையில இருக்கற கப்பைப் பார்த்துத் தன் காலி இடத்தை நிரப்பிக்கும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. டீ ஆறுது" என்று கையை நீட்டினேன்.

"தொடாதே. அது சாட்சி."

தாடியின் திரைக்குத் திரும்பினோம். தட்டில் என்ன போகிறது என்று டெம்ப்ளேட்டைக் கூப்பிடுமுன் ஒரு தடவை காட்டச் சொன்னார் மச்சான். தாடி ஒரு வரி சேர்த்துத் தட்டினார். தபால்காரரின் பெயர், தபால்காரரின் வயது, மழுமழுவென்று சவரம் செய்த தபால்காரரின் படம். எல்லாம் ஒழுங்கு.

"பார்த்தீங்களா!" முதலாளி துள்ளினார். "தாடி அனுப்பினது சரி. அப்போ உள்ள வெச்சு மாத்தினது இவதான். ரூமுக்குள்ள இருந்தது இவளோட தாள் மட்டும்தானே? எங்கிட்ட கதை விட முடியாது சார், நானும் ஒரு காலத்துல கோர்ஸ் போய் பிஎச்பி புரோகிராமிங் படிச்சவன்தான்."

டிசைனர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. தட்டில் தபால்காரர் போகிறார், தாளில் மாமனார் வருகிறார். நடுவில் ஒரு பூட்டிய அறை, அதற்குள் அவளுடைய தாள்.

"என் தாள்ல ஒரு படம்கூடக் கிடையாது சார், இடம்தான் இருக்கு" என்று திறந்து காட்டினாள். உண்மைதான். 'இங்கே படம்' என்று ஒரு வரி, அவ்வளவே.

"மாட்டிக்கிட்டதும் அழிச்சிருப்பே!"

"அழிச்சிருந்தா பக்கம் சரியாகியிருக்கணுமே முதலாளி" என்றார் மச்சான் சாவதானமாக. "இன்னும் மீசை அங்கேயேதான இருக்கு?"

முதலாளி மறுபடி திரையைப் பார்த்தார்.

மச்சான் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்தார். வெப்சைட்டின் வாசல் ஃபைலுக்கு வந்ததும் நின்றார். அங்கே, ஃபங்ஷனுக்கு வெளியே, அநாதையாக ஒரு வரி கிடந்தது. 'படம்' என்ற வேரியபிளில் நிறுவனரின் படத்தை வை என்று அந்த வரி சொன்னது.

"இது யாரு எழுதினது?"

தாடி எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "இதை இங்க வெச்சு என்ன பிரயோஜனம்? உள்ள தெரியவே தெரியாதே! முந்தாநாள் இது இல்ல, நான் நேத்து லீவு சார்."

டிசைனரும் எட்டிப் பார்த்தாள். அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தட்டுல வைக்காம வாசல்ல வெச்சுட்டுப் போயிருக்காங்க. இது நான் இல்ல சார்."

"ரெண்டு பேருக்கும் பார்த்ததுமே தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. நல்லது" என்றார் மச்சான். அதோடு விட்டுவிட்டார். அவர் அப்படி விட்டால் எனக்கு நகம் கடிக்கத் தோன்றும்.

நகம் கடித்தபடியே வெப்சைட்டின் மற்ற பக்கங்களை என் ஃபோனில் புரட்டினேன். துப்பறிவதற்காக இல்லை, பொழுது போகவில்லை.

"மச்சான்! இங்க வாங்களேன்!"

'முதல் பிறந்தநாள் காணும் எங்கள் பட்டுக்குட்டி' என்று ஒரு பக்கம். சுற்றிலும் பலூன். நடுவில் மீசை.

அடுத்ததைத் தட்டினேன். 'மணமகள்' என்று பூ வேலைப்பாட்டோடு ஒரு வட்டம். வட்டத்துக்குள்ளே அதே மீசை, அதே முறைப்பு. மாப்பிள்ளை பாவம், பக்கத்து வட்டத்தில் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

நான் சிரித்த சிரிப்பில் கீழே கண்ணாடிக் கடைக்காரர் மாடிப்படிவரை வந்து எட்டிப் பார்த்தார்.

"அப்போ பெரியவரைச் சாகடிக்கணும்னு யாரும் செய்யலை" என்றார் மச்சான். "பொறந்த குழந்தையாவும் ஆக்கியிருக்காங்க, கல்யாணப் பொண்ணாவும் ஆக்கியிருக்காங்க. இது பகை இல்ல மாப்ளே, பாசம். எல்லாப் பக்கத்துலயும் இருக்கணும்னு யாரோ ஆசைப்பட்டிருக்காங்க." பிறகு என் ஃபோனைச் சட்டென்று பிடுங்கினார். "உன் ஃபோன் முகப்புல யாரு படம்?"

"உங்கப்பா படம்தான்."

"உன் பொண்டாட்டி படம் எங்க?"

"அவ கோச்சுக்கிட்டா ஒரு நாள். மாமனார் கோச்சுக்கிட்டா ரெண்டு பேரும் கோச்சுப்பாங்க."

"எப்ப வெச்சே?"

"அவரு பிறந்தநாளுக்கு முதல் நாள்…" சொல்லும்போதே என் கண் தானாகப் போய் அந்தக் கேக் பெட்டியில் நின்றது.

மச்சான் என் தோளைத் தட்டினார். "நீ சொன்னதுலயே உருப்படியான பதில் இதுதான்." பிறகு முதலாளி பக்கம் திரும்பிச் சாதாரணமாகச் சொன்னார். "வெளியில கார் நின்ன சத்தம் கேட்டுது. மாமா மாடியேறினா மூச்சு வாங்குமே, ஒரு காபி ஊத்தி வைக்கக் கூடாதா?"

"அடடா, ஆமா!" முதலாளி பாய்ந்து டீ ரூமுக்குள் ஓடினார். மச்சான் குட்டி ஜன்னலைத் திறந்து எங்களையும் பார்க்கச் சொன்னார்.

உள்ளே முதலாளி பிளாஸ்க்கை எடுத்தார். மேசையைப் பார்த்தார். கைக்கு எட்டியது என் டீ கப். யாருடையது, எதற்கு வைத்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பாரா? ஊஹூம். டீயைத் தொட்டியில் கொட்டினார், காபியை ஊற்றினார், 'படம்' ஸ்டிக்கரோடு அதே இடத்தில் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு பாசம்.

"மாப்ளே, நீ இன்னும் டெம்ப்ளேட்தான். போய் 'படம்' கப்பை எடுத்துக் குடி."

குடித்தேன். "காபி."

"நான் தட்டுல நீட்டினது?"

"டீ. என் டீ!"

டிசைனர் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஹெடர்!" என்றாள்.

"ஹெடரேதான்" என்றார் மச்சான். "எல்லாப் பக்கத்துக்கும் உச்சியில வர்ற பொதுத் துண்டு. உன் டெம்ப்ளேட்டோட முதல் வரியே 'ஹெடரை உள்ள கூப்பிடு'ங்கறதுதான். அப்படிக் கூப்பிட்டா அதுக்குத் தனி ரூம் கிடையாது. கூப்பிட்டவங்க மேசையிலேயே வந்து உக்காரும், அங்க இருக்கற கப்புல அதுவும் ஊத்தலாம். யாரோ ஹெடருக்குள்ள நிறுவனர் படத்தை வெச்சிருக்காங்க, அதுவும் 'படம்'ங்கற அதே வேரியபிள்ல. உச்சியில நிறுவனர் அழகா வந்தாரு. அப்புறம் கீழ இறங்கி வந்து பார்த்தா, தபால்காரர் கப்புலயும் அவர்தான் இருக்காரு."

தாடி ஹெடர் ஃபைலைத் திறந்தார். முதல் வரியிலேயே இருந்தது.

"அதே ஆளுதான் முதல்ல வாசல் ஃபைல்ல எழுதிப் பார்த்திருக்காரு. உள்ள தெரியல. ஏன் தெரியலைன்னு அவருக்குப் புரியல. அதனால ஹெடருக்கு மாத்தினாரு. தாடிக்கு அந்த வரி தப்புன்னு பார்த்ததும் தெரியுது, இந்தப் பொண்ணுக்கும் தெரியுது. இந்த ஆபீஸ்ல ஃபங்ஷன் பூட்டின ரூம்னு தெரியாத ஆளு, அதே சமயம் கோர்ஸும் போன ஆளு…"

முதலாளி பிளாஸ்க்கோடு டீ ரூம் வாசலில் நின்றிருந்தார்.

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சார்…" குரல் கீச்சென்று வந்தது. "இன்னிக்கு மாமாவுக்குப் பிறந்தநாள். எல்லாப் பக்கத்து உச்சியிலயும் அவர் படம் வந்தா சந்தோஷப்படுவாருன்னு நேத்து சாயங்காலம் நானே போட்டேன். முகப்புப் பக்கத்துல நல்லா வந்துச்சு. கேக் வாங்கப் போயிட்டேன். மத்த பக்கத்தைத் திறந்து பார்க்கல. சத்தியமா எனக்கே தெரியாது சார்!"

"அடப்பாவி மனுஷா" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

மீசை முதலில் உள்ளே வந்தது, பின்னாலேயே பெரியவர். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ!

"மாமா… பிறந்தநாள்…"

"வாழ்த்தா? பிறந்தநாளும் அதுவுமா ஆளைச் சாகடிச்சுட்டு வாழ்த்து வேறயா?" பெரியவர் மூச்சு வாங்கினார். என் கையிலிருந்த காபியைப் பிடுங்கி ஒரே மடக்கில் குடித்தார். "என்கிட்ட அப்புறம் மன்னிப்புக் கேளு, நான் எங்கயும் போயிடல. முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட கேளு. எல்லாரும் கேக்கற மாதிரிதானே அவ மேல பழி போட்டே? எல்லாரும் கேக்கற மாதிரியே மன்னிப்பும் கேளு."

முதலாளி கேட்டார். தாடிவரை கேட்டது. டிசைனர் தலையை மட்டும் அசைத்துவிட்டு உட்கார்ந்தாள். அதுவரை அடக்கி வைத்த அழுகை இரண்டு சொட்டு கீபோர்டில் விழுந்தது. துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். ஹெடருக்கென்று தனியாக ஒரு ஃபங்ஷன் போட்டு, அதற்கும் ஒரு பூட்டிய ரூமைக் கொடுத்தாள். வாசலில் கிடந்த அநாதை வரியை அழித்தாள். பக்கத்தைப் புதுப்பித்ததும் கறுப்பு ஃப்ரேமுக்குள் தபால்காரர் மழுமழுவென்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் மகளுக்கு முதலாளியே ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டார்.

தாடி போய்ச் சுவரில் இருந்த பாஸ்வேர்டைக் கிழித்தார். யாரும் தடுக்கவில்லை.

கேக்கை வெட்டினார்கள். நான் டெம்ப்ளேட்டாக உழைத்த களைப்பில் இரண்டு துண்டு சாப்பிட்டேன். பெரியவர் மட்டும் ஃபோனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். அஞ்சலிப் பக்கத்தின் கீழே காலையிலிருந்து வந்து குவிந்த ஆறுதல்கள். படத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதியவர்கள் நிறையப் பேர்.

"இவனும் எழுதியிருக்கான்யா" என்றார் என்னிடம். "என்கூடச் செஸ் ஆடுவான். சண்டை போட்டுட்டுப் பேச்சே இல்ல. 'என் ஒரே சிநேகிதன் போயிட்டான்'னு போட்டிருக்கான். அடுத்த வரியில 'ஆட்டத்துல திருடுவான்'னும் போட்டிருக்கான், நாய்." மீசை நடுங்கியது. "இன்னிக்குச் சாயங்காலம் அவன் வீட்டு வாசல்ல போய் நிக்கப்போறேன். மயக்கம் போட்டு விழட்டும்."

கிளம்பும்போது பெரியவர் டிசைனர் மேசையருகே நின்றார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார். நான் கேக் பெட்டிக்குப் பின்னால் இருந்ததால் கணக்கில் சேரவில்லை.

"அந்தப் பக்கம்… காலையில பார்த்தேனே, என் படத்தோட… அந்த ஃப்ரேம், சுத்தி விட்ட இடம், எழுத்து எல்லாம்…" தொண்டையைச் செருமினார். "கம்பீரமாத்தான் இருந்துச்சு."

"நல்லாப் போடறேன்னு சொன்னேன்ல சார்?"

"சொன்னே, சொன்னே. அதை அழிச்சுடாதே. அப்படியே எங்கயாவது பத்திரமா எடுத்து வை."

"சரிங்க சார்."

இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல."